கிராமத்தில் சுகாதாரச் சர்வே எடுக்கப் போகிறீர்களா? கேள்வித்தாளோடு கிளம்பும் முன் ஆக வேண்டிய வேலைகள்

அறுபத்து இரண்டு படிவங்கள் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. வட மாவட்டக் கிராமம் ஒன்றில், கத்திரி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி நிரப்பியவை. ஒன்றைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. ஆய்வால் மக்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தில் இருந்த தேதி ஆகஸ்ட், படிவங்களில் இருந்த தேதி மே. அவ்வளவுதான் காரணம்.

குடி, சுகர், பிரஷர், மனச்சோர்வு இந்த நான்கும் ஊர்த் தெருவிலும் காலனியிலும் எப்படி வேறுபடுகின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இந்த நடைமுறையை எல்லாம் சீனியர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். சமூகவியல், சமூகப் பணி, பொருளியல், அரசியல் அறிவியல் படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. "ரத்தம் எடுக்கப் போவதில்லை, ஊசி போடப் போவதில்லை, வெறும் கேள்விதானே" என்று நான் நினைத்தேன். என் நெறியாளரும் அப்படித்தான் நினைத்தார். ஏழு மாதம் போனது. உங்களுக்கு அது போக வேண்டாம்.

1. களத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

முதலில் இதைப் பாருங்கள். நீங்கள் கேட்கப் போகும் கேள்விக்கான தரவு ஏற்கெனவே யாரிடமாவது இருக்கலாம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் அளக்கப்பட்டன. மது, புகையிலை, சமூகப் பிரிவு, வீட்டுச் சொத்து நிலை எல்லாம் அதில் உண்டு. மருத்துவச் செலவு பற்றிய ஆய்வென்றால் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) இருக்கிறது. முதியோர் பற்றியதென்றால் 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பேட்டி கண்ட 'லாசி' ஆய்வு இருக்கிறது, அதில் மனச்சோர்வுக் கேள்விகளும் உண்டு. பெயர் நீக்கிய மூலத் தரவைப் பதிவு செய்தோ விண்ணப்பித்தோ வாங்கலாம்.

தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று அந்தக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதில் வசதியானவர்கள் எத்தனை பேர், தனியார் மருத்துவமனையில் எத்தனை பேர் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஒரு கிராமத்துக்கும் போக வேண்டாம். கணினி முன்னால் மூன்று மாதம் உட்கார்ந்தால் போதும்.

எனக்கு அது போதவில்லை. குடும்பநல ஆய்வில் மனச்சோர்வு இல்லை. ஒரே ஊருக்குள் இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன வித்தியாசம் என்பதும் அதில் தெரியாது. அதனால்தான் களத்துக்குப் போனேன்.

2. நெறிமுறைக் குழுவைப் பிடியுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதலில் உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆகவே 'நாங்கள் மருத்துவத் துறை இல்லை' என்பது செல்லாது. பரிசீலனை மூன்று வகை: விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். விலக்கு உண்டா இல்லையா என்பதையும் குழுதான் சொல்ல வேண்டும், நீங்களாக முடிவு செய்ய முடியாது. குடி, மனச்சோர்வு, சாதி என்று என் தலைப்பில் எல்லாமே இருந்ததால் முழுக் குழுவுக்குத்தான் போனது.

கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இப்படி ஒரு குழுவே கிடையாது. எங்கள் கல்லூரியிலும் இல்லை. வேறொரு நிறுவனத்தின் குழுவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் உங்கள் முதல்வர்தான் கையெழுத்துப் போட வேண்டும், நீங்களோ நெறியாளரோ போட முடியாது. இது தெரியாமல் எனக்கு இரண்டு மாதம் போனது. குழு, மத்திய சுகாதார ஆய்வுத் துறையில் பதிவு பெற்றதா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது குழுவின் பெயரும் ஒப்புதல் எண்ணும் கேட்பார்கள்.

அப்புறம், கூட்டத் தேதி. சில குழுக்கள் மாதம் ஒருமுறை கூடும், சில மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். கோப்பை இரண்டு மூன்று வாரம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். நான் இரண்டு நாள் பிந்தினேன், அடுத்த கூட்டம் வரை காத்திருந்தேன். கட்டணமும் குழுவுக்குக் குழு மாறும். சொந்த நிறுவன மாணவர்களுக்குச் சில இடங்களில் இலவசம். வெளியாட்கள் என்றால் ஆயிரங்களில் போகும். முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

முன்தேதியிட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. 'பைலட்' (முன்னோட்டம்) என்று பெயர் வைத்து ஐந்து வீட்டில் கேட்டாலும் ஒப்புதலுக்குப் பிறகுதான் கேட்க வேண்டும். பைலட்டையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை. பரணில் கிடக்கும் என் அறுபத்து இரண்டும் 'பைலட்' கணக்குதான்.

3. கோப்பில் என்ன இருக்க வேண்டும்

ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள், பங்கேற்பாளருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், உங்கள் தன்விவரமும் நெறியாளரின் தன்விவரமும், வரவு செலவு, இந்த ஆய்வில் சொந்த ஆதாயம் எதுவும் (நலமுரண்) இல்லை என்ற உறுதிமொழி, துறைத் தலைவர் கடிதம். கேள்வித்தாளும் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். தமிழில் இருப்பதை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்ததற்கான சான்றையும் கேட்பார்கள். இதற்கு மொழித்துறை நண்பர் ஒருவர் போதும், பணம் கொடுத்து நிறுவனம் தேட வேண்டாம்.

தகவல் தாளில்தான் என் கோப்பு முதல் முறை திரும்பி வந்தது. "இவ்வாய்வில் தங்களின் பங்கேற்பு முற்றிலும் தன்விருப்பத்தின்பாற்பட்டதாகும்" என்று எழுதியிருந்தேன். குழுவில் பொதுமக்கள் சார்பில் இருந்த ஓர் அம்மா, அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். "இதை உங்க பாட்டிகிட்ட இப்படித்தான் சொல்வீங்களா தம்பி?" என்றார். திருத்திய வடிவம் இது: "பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. நடுவில் வேண்டாம்னு தோணினா நிறுத்திக்கலாம். அதனால உங்களுக்கு ரேஷன்லயோ ஆஸ்பத்திரியிலயோ கிடைக்கிற எதுவும் நிக்காது." கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் கிராமத்தில் முதல் இரண்டையும் யாரும் நம்புவதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கலாம். ஆனால் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். உங்கள் கணக்கெடுப்பாளர் சாட்சியாக முடியாது. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, ஏழு வயதிலிருந்து பிள்ளையின் சம்மதமும் தேவை, 12க்கு மேல் அது எழுத்தில் வேண்டும். ஆய்வுக்குப் பிள்ளைகள் அவசியம் இல்லையென்றால் 18 வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலை பாதியாகும்.

மனச்சோர்வைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தொகுப்பைத்தான் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருமா என்பது. ஒருவர் 'வரும்' என்று சொன்னால் அந்த இடத்திலேயே என்ன செய்வீர்கள்? குழு நிச்சயம் இதைக் கேட்கும், கேட்கவும் வேண்டும். யாரிடம் அழைத்துப் போவீர்கள், எந்த மருத்துவர், எத்தனை மணி நேரத்துக்குள் என்று ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டையும் அச்சடித்த சீட்டு எல்லா வீட்டிலும் கொடுங்கள். 'வரும்' என்றவருக்கு மட்டும் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இரண்டு முறை அந்தப் பதில் வந்தது. இரண்டு முறையும் பேட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, முன்பே பேசி வைத்திருந்த மனநல மருத்துவரைக் கூப்பிட்டோம்.

4. அரசு அனுமதியும் ஊர் அனுமதியும்

வீடுகளுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் ஊராட்சித் தலைவரைப் பார்த்துக் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் நடக்கும். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடமோ பேச வேண்டும் என்றால் அது வேறு கதை. சென்னையில் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்துக்கு எழுதி, அங்கிருந்து மாவட்ட சுகாதார அலுவலர், அவரிடமிருந்து வட்டார மருத்துவ அலுவலர் என்று இறங்கி வர வேண்டும். மேலே கடிதம் இல்லாமல் கீழே நட்பு பிடித்துப் போகாதீர்கள். செவிலியர் நல்ல மனதோடு உதவிவிட்டு அப்புறம் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும்.

இதில் ஒரு முட்டை–கோழிச் சிக்கல் உண்டு. அனுமதி தரும் அலுவலகம் நெறிமுறை ஒப்புதல் எங்கே என்று கேட்கும். குழு, அலுவலக அனுமதி எங்கே என்று கேட்கும். 'துறை அனுமதிக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தரும்படி குழுவிடம் எழுத்தில் கேளுங்கள், தருவார்கள். நான் கேட்காமல் ஒரு மாதம் இரண்டு வாசலிலும் மாறி மாறி நின்றேன். வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு என்று தனியாக ஒரு படி இருக்கிறது. அதற்கு மாதங்கள் ஆகும்.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, இதை விடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்து வழி கேட்ட ஒரு மூதாட்டியை, குழந்தை கடத்த வந்தவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். புது ஊரில் அடையாள அட்டை கழுத்தில் தொங்கட்டும். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள். அனுமதி வாங்காமல் படம் எடுக்காதீர்கள்.

5. எத்தனை வீடு, எந்த வீடு

புள்ளியியல் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பாதிப்பேருக்கு நோய் இருக்கும் என்ற ஊகம், 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்று வைத்தால் 384 பேர் வரும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஊர் ஊராகக் கொத்துக் கொத்தாக எடுக்கும்போது, ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். அதற்காக இரண்டால் பெருக்கினால் 768. பத்துப் பேரில் ஒருவர் பேச மறுப்பார் என்று வைத்தால் 854. முப்பது ஊருக்குப் பிரித்தால் ஊருக்கு 29 வீடு, மொத்தம் 870.

ஊர்ப் பட்டியலை 2011 மக்கள்தொகைக் கணக்கிலிருந்துதான் நான் எடுத்தேன். அதில் ஒரு பள்ளம். அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. பழைய விழுப்புரம் பட்டியலைத் திறந்தால் இன்றைய கள்ளக்குறிச்சி ஊர்களும் உள்ளேயே இருக்கும். பிரித்துவிட்டு மாதிரி எடுங்கள். வாக்காளர் பட்டியலை வீட்டுப் பட்டியலாக எடுக்கிறவர்கள், அதில் 18 வயதுக்கு மேல்தான் இருப்பார்கள், வேலைக்காக வந்து குடியிருப்பவர்கள் விட்டுப்போவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பப் பதிவேடு பல ஊர்களில் இதைவிடப் புதிதாக இருக்கும்.

ஏற்றத்தாழ்வு பற்றி ஆய்வு செய்கிறவர்கள் அதிகம் ஏமாறுவது அடுத்த இடத்தில்தான். கணக்கெடுப்பாளர்கள் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, கோயில் தெருவில் ஆரம்பித்து, 29 வீடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். காலனி ஊருக்கு அரை கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை அந்தப்பக்கம் இருக்கும். ஊரின் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஊரில் பாதிப்பேர் மாதிரியில் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் முதல் நாள் ஒரு கைவரைபடம் போட்டு, எல்லாக் குடியிருப்பிலும் உள்ள வீடுகளை எண்ணி, அந்த விகிதத்தில் 29ஐப் பிரித்தோம். ஊருக்கு அரை நாள் கூடுதலாக ஆனது. படிவத்தில் 'காலனி' என்று எழுதாமல் தெருவின் பெயரை எழுதுங்கள். அரசே தன் ஆவணங்களில் இருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025இல் அறிவித்துவிட்டது.

6. கேள்வியைக் காதில் கேட்டுப் பாருங்கள்

"உங்களுக்கு நீரிழிவு நோய் உள்ளதா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்." பக்கத்தில் இருந்த மகள், "ஏம்மா, சுகர் மாத்திரை ஆறு வருஷமா போடறியே!" நோயின் பெயர் சுகர், பிரஷர். அப்படியே அச்சடியுங்கள்.

புகையிலையும் இப்படித்தான். வயதான பெண்களிடம் "புகையிலை பயன்படுத்துவீர்களா" என்றால் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "வெத்தலை போடுவீங்களா, கூட போயிலை வைப்பீங்களா" என்றால் சுருக்குப்பையையே திறந்து காட்டுவார்கள்.

'கடந்த இரண்டு வாரங்களில்' என்பது வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிடிபடவில்லை. "போன அமாவாசையிலிருந்து" என்று சேர்த்துச் சொன்னதும் பிடிபட்டது. பௌர்ணமியை ஒட்டிப் போனால் கணக்கும் சரியாக வரும். ஆனால் அங்கீகாரம் பெற்ற கேள்வித் தொகுப்பின் வாசகத்தை மாற்றாதீர்கள். விளக்கக் குறிப்பாக மட்டும் சேருங்கள். ஒப்புதலுக்குப் பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போக வேண்டும். அதனால் இந்த வேலையைக் கோப்பு கொடுக்கும் முன்பே, நண்பர்களையும் வீட்டாரையும் வைத்து முடியுங்கள்.

குடிப் பழக்கத்துக்கு ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தொகுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை 'டிரிங்க்' என்று கேட்கும். நம் ஊரில் பதில், "ஒரு குவார்ட்டர்." கணக்கெடுப்பாளர் 1 என்று எழுதிவிடுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஆடிட்டில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். அப்படியானால் ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க், ஒரு கட்டிங் மூன்று. தினமும் ஒரு குவார்ட்டர் அடிக்கிறவருக்கு முதல் மூன்று கேள்வியில் சரியாக எழுதினால் 10 மதிப்பெண் வரும். 'ஒன்று' என்று எழுதினால் 4தான். ஆபத்தான குடி என்று எடுத்துக்கொள்ளும் எல்லை 8. ஒரே ஆள், ஒரு பக்கம் நோயாளி, இன்னொரு பக்கம் யோக்கியர்! குவார்ட்டர், கட்டிங், பீர் பாட்டில் என்று படம் போட்ட அட்டையைக் காட்டிக் கேளுங்கள். டிரிங்க்காக மாற்றும் வேலையைக் கணினி செய்யட்டும்.

சாதியை, வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்காதீர்கள். கடைசிப் பகுதியில் வையுங்கள். சான்றிதழில் உள்ள பிரிவு போதும்: பி.சி, பி.சி முஸ்லிம், எம்.பி.சி, எஸ்.சி, எஸ்.சி அருந்ததியர், எஸ்.டி. உட்சாதி தேவை என்றால் ஏன் தேவை என்று குழு கேட்கும், பதில் வைத்திருங்கள்.

வருமானம், சொத்து இரண்டிலும் பொய் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு வருமான வரம்பு இருக்கிறது, நீங்கள் அதை வெட்ட வந்த ஆள் என்று நினைக்கிறார்கள். திண்ணையில் நிற்கும் பைக்கில் சாய்ந்துகொண்டே "வண்டியெல்லாம் இல்லப்பா" என்றார் ஒருவர். கண்ணால் பார்த்துக் குறிக்க ஒரு தனிக் கட்டம் வையுங்கள். ஆதார் எண், ரேஷன் அட்டை எண் கேட்கவே வேண்டாம். கேட்ட நிமிடமே பேட்டி முடிந்துவிடும்.

7. ஆட்களும் நேரமும்

பெண்களைப் பெண்கள்தான் பேட்டி காண வேண்டும். இருவராகப் போவது நல்லது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தால் மருமகள் மனச்சோர்வுக் கேள்விக்கு உண்மை சொல்ல மாட்டாள். ஒருவர் மாமியாரிடம் குடும்ப உறுப்பினர் பட்டியலை நிரப்ப உட்காரட்டும், இன்னொருவர் மருமகளோடு கொல்லைப்பக்கம் போகட்டும். உள்ளூர் ஆளைக் கணக்கெடுப்பாளராகப் போட்டால் வழி எளிது, ஆனால் குடியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் பக்கத்து ஒன்றியத்து ஆட்களை எடுத்தேன்.

நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் காலை பத்து மணிக்குப் போனால் நாய்தான் வரவேற்கும். காலை ஆறரை முதல் எட்டு, மாலை நாலரைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களிடம் குடி பற்றிக் காலையில்தான் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை, பொங்கல் வாரம், ஊர்த் திருவிழா வேண்டாம். தேர்தல் அறிவித்துவிட்டால் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். கேள்வித்தாளோடு போகிற எல்லோரும் அப்போது ஏதோ ஒரு கட்சியின் ஆள்.

காகிதத்துக்குப் பதில் கோபோ டூல்பாக்ஸ் செயலியைப் பயன்படுத்தினேன். சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், தமிழ் எழுத்து சரியாக வரும். 240 வயது, 18 பிள்ளைகள் என்றெல்லாம் எழுத விடாமல் வரம்பு வைக்கலாம்.

8. பணம்

ஓர் ஆள் ஒரு நாளில் ஆறு பேட்டிதான் ஒழுங்காக முடிப்பார். பன்னிரண்டு முடித்தேன் என்று வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார் என்று அர்த்தம். 870 வீட்டுக்கு 145 ஆள்-நாள். நான் கொடுத்தது கூலி 800, பயணம் சாப்பாடு 200. அதுவே 1,45,000 ரூபாய். நான்கு பேர் என்றால் 37 நாள் ஆகும். பத்தில் ஒரு வீட்டுக்கு நீங்களே திரும்பிப் போய் நான்கைந்து கேள்வியைச் சரிபார்க்க வேண்டும், அந்தப் பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் கருவி குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று நிச்சயம் பாதியில் மக்கர் செய்யும்.

பங்கேற்பவர்களுக்கு ஏதாவது கொடுப்பதாக இருந்தால் தொகையையும் பொருளையும் கோப்பிலேயே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். நாங்கள் பேட்டி முடிந்த பிறகு ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தோம். முதலிலேயே காட்டினால் அதற்காகவே சரி சொல்வார்கள்.

9. முடித்த பிறகு

பெயரும் வீட்டு முகவரியும் ஒரு கோப்பில், பதில்கள் வேறொரு கோப்பில். இரண்டையும் இணைக்கும் எண் பட்டியல் உங்களிடமும் நெறியாளரிடமும் மட்டும். கணக்கெடுப்பாளர்களின் போன்களில் இருப்பதை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். குழுவின் ஒப்புதலுக்குக் காலக்கெடு உண்டு. களவேலை அதைத் தாண்டினால் முன்கூட்டியே நீட்டிப்புக் கேளுங்கள். இறுதி அறிக்கையும் அவர்களுக்குப் போக வேண்டும்.

முடிவை ஊரில் போய்ச் சொல்வதாகக் கோப்பில் எழுதியிருப்பீர்கள். எல்லோரும் எழுதுவோம். நான் ஒரு பக்கத் துண்டறிக்கை அடித்து, ஒரு ஞாயிறு மாலை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் வைத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள், எல்லோரும் ஊர்த் தெருக்காரர்கள். மறுநாள் ஏரிக்கரையைச் சுற்றிப் போய் அம்பேத்கர் மன்றத் திண்ணையில் இன்னொரு கூட்டம் வைத்தேன். அங்கே நாற்பது பேருக்கு மேல். துண்டறிக்கை பத்தாமல் பக்கத்து ஊர் ஜெராக்ஸ் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. இரண்டு கூட்டத்துக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.